ஐஸில் வேகம் வேண்டுமா? முதலில் ஐஸை விட்டு இறங்குங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஐஸ் ஹாக்கி பற்றிய பதிவு. தன்ராஜ் பிள்ளையைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறான் என்று நினைத்து உள்ளே வந்த நண்பர்கள் மன்னிக்கவும். அவரைப் பற்றி இன்னொரு நாள். இன்றைக்குக் காலில் பிளேடு கட்டிக்கொண்டு வழுக்கும் ஆட்டம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பிளேடைப் பற்றி எழுதும்போது பிளேடு போடாமல் முடியுமா?

நான் படிப்பது டொராண்டோவில், உடலியக்கவியல். இங்கே ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களிலும் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் படிப்பு என்னவென்று தெரிந்ததும் அங்கிள்மார், ஆன்ட்டிமார் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, பிள்ளை ஸ்கேற்றிங்கில கொஞ்சம் ஸ்லோ எண்டு கோச் சொல்றார். சமருக்கு எந்தக் காம்பில போடலாம்?"

எந்தக் காம்பிலும் வேண்டாம் என்பது என் பதில். அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சீசன் முடிந்து ஏப்ரல் வந்தால் போதும், விளம்பரங்கள் பறக்க ஆரம்பித்துவிடும். ஜூலையிலும் ஐஸ், ஆகஸ்டிலும் ஐஸ் என்று ஒன்று. ஸ்கேட்டிங் டிரெட்மில், அதாவது பிளாஸ்டிக் பலகைகள் ஓடும் பட்டையில் ஸ்கேட் போட்டுக்கொண்டு ஓடுவது, இன்னொன்று. காற்றடைத்த அரைப்பந்தின் மேல் நின்றுகொண்டு ஸ்டிக்கால் பந்தை உருட்டுவது மூன்றாவது. எல்லாவற்றின் மேலும் "ஹாக்கிக்கென்றே வடிவமைக்கப்பட்டது" என்ற முத்திரை இருக்கும். கட்டணத்தைக் கேட்டால் நமக்கு ஐஸ் இல்லாமலே வழுக்கும்.

என் வாதம் எளிமையானது. ஸ்கேட்டிங் வேகத்துக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று, காலில் எவ்வளவு விசை இருக்கிறது, அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ள முடிகிறது என்பது. இரண்டு, அந்த விசையை ஐஸில் எப்படிச் செலவழிப்பது என்பது. இரண்டாவதை ஐஸில்தான் கற்க முடியும். முதலாவதைத் தரையில் கட்டுவதுதான் சுலபம், மலிவு, பாதுகாப்பு. இந்தக் காம்ப் வியாபாரம் இரண்டையும் குழப்பி, தரையில் ஐஸைப்போல நடிக்கச் சொல்லியும், ஐஸில் ஜிம் வேலை செய்யச் சொல்லியும் காசு பார்க்கிறது.

பிளேடு எப்படித் தள்ளுகிறது?

ஓடும்போது தரையைப் பின்னால் தள்ளுகிறோம், உடல் முன்னால் போகிறது. ஐஸில் அது நடக்காது. பிளேடு அதன் நீளவாக்கில் வழுக்குவதற்கென்றே இருக்கிறது. நேராகப் பின்னால் உதைத்தால் கால் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர ஆள் நகரமாட்டார். ஆகவே பிளேடை வெளிப்பக்கமாகத் திருப்பி, அதன் உள்விளிம்பை ஐஸில் பதித்து, பக்கவாட்டில் தள்ள வேண்டும். புறப்படும் முதல் சில அடிகள் மட்டும் கிட்டத்தட்ட ஓட்டம் மாதிரி இருக்கும். பாதத்தை நன்றாக வெளியே திருப்பிக்கொண்டு குத்திக் குத்தி ஓடுவது. வேகம் ஏற ஏறத்தான் நீளமான பக்கவாட்டுத் தள்ளலாக மாறும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நேராக ஸ்கேட் செய்யும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆள் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். இரண்டு, அந்த ஒற்றைக் கால் முட்டி மடங்கிய நிலையில் நிற்கிறது. எவ்வளவு ஆழமாக மடங்குகிறதோ அவ்வளவு நீளமாகத் தள்ளலாம். நிமிர்ந்து நின்றால் தள்ளுவதற்குக் காலில் மிச்சமே இருக்காது.

இப்போது ஏதாவது ஒரு ரிங்க்கில் போய் நின்று பாருங்கள். கோச் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்: "முட்டியை மடக்கு! கீழே உட்கார்!" பையன் இரண்டு அடிக்கு மடக்குவான், மூன்றாவது அடியில் நிமிர்ந்துவிடுவான். கோச் மறுபடி கத்துவார். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தானும் கத்துவார்.

அந்தப் பையனுக்கு முட்டியை மடக்க வேண்டும் என்று தெரியாதா? நூறு தடவை கேட்டிருக்கிறான். நாற்காலியில் உட்கார்வது போல ஒற்றைக் காலில் இறங்கி, அங்கேயே தன் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பலம் அவன் தொடையிலும் பிட்டத்திலும் இல்லை. கோச் அதை டெக்னிக் குறை என்று எழுதிக்கொள்கிறார். அப்பா இன்னும் பத்து மணி நேரம் ஐஸ் வாங்கிக் கொடுக்கிறார். பையன் அந்தப் பத்து மணி நேரமும் நிமிர்ந்து நின்றே ஸ்கேட் செய்து, நிமிர்ந்து நிற்பதில் மேலும் தேர்ச்சி பெறுகிறான்!

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை

சோவியத் யூனியனில் ஐஸ் ஹாக்கி தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியது 1946-ல்தான். அப்போது அவர்களிடம் முழு அளவு செயற்கை ஐஸ் ரிங்க் கிடையாது. குளிர்காலத்தில் இயற்கை கொடுத்தால் ஐஸ், மற்ற மாதங்களில் மண்தரை. அனடோலி தராசோவ் போன்ற கோச்சுகள் என்ன செய்தார்கள்? வீரர்களை ஓடவிட்டார்கள், தாண்டவிட்டார்கள், எடை தூக்கவிட்டார்கள், கால்பந்து ஆடவிட்டார்கள். 1954-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல்முறையாகக் கலந்துகொண்ட சோவியத் அணி, கனடாவை 7-2 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. தோற்றது வேறு யாருமில்லை, இதே டொராண்டோவின் ஈஸ்ட் யார்க்கிலிருந்து போன அணிதான்.

அடுத்து 1972. கனடாவின் என்.எச்.எல். நட்சத்திரங்களும் சோவியத் அணியும் மோதிய எட்டு ஆட்டங்கள். அந்தக் காலத்து என்.எச்.எல். வீரர்கள் கோடையில் ஓய்வெடுத்துவிட்டு, பயிற்சி முகாமுக்கு வந்து உடம்பைத் தயார் செய்வது வழக்கம். சோவியத்காரர்களோ வருடம் முழுக்கத் தரையிலும் ஐஸிலும் உழைத்தவர்கள். செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் முதல் ஆட்டம். கனடா முதலில் 2-0 என்று முன்னணி. முடிவில் 7-3 என்று சோவியத் வெற்றி. கடைசியில் தொடரைக் கனடாதான் வென்றது, அதை மறைக்கவில்லை. எட்டாவது ஆட்டத்தில் 34 வினாடி மிச்சமிருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் வென்றார்கள். ஆனால் முதல் ஆட்டத்தில் வாங்கிய அடி, கோடைகால உடற்பயிற்சி என்ற ஒன்று இருக்கிறது என்று இந்த நாட்டுக்கே சொன்னது.

ஹாக்கி வேண்டாம், சுத்தமான வேகம் மட்டும் பார்ப்போம் என்றால் எரிக் ஹைடன். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 500 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஐந்து ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டி, ஐந்திலும் தங்கம். அவருடைய கோடைக்காலம் எடைப் பயிற்சி, சைக்கிள், ஸ்லைடு போர்டு என்று கழிந்தது. ஸ்லைடு போர்டு என்றால் பெரிய மர்மம் இல்லை. வழவழப்பான ஒரு பலகை, இரண்டு முனையிலும் தடுப்புக் கட்டை, காலில் சாக்ஸ். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி வழுக்க வேண்டும். இன்றைக்கு விற்கும் மின்சாரப் பூதங்களை விட இது எவ்வளவோ மேல்.

நம் நாட்டுப் பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. லடாக்கில் இயற்கை ஐஸ் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம்தான். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலானோர் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள். 2025-ல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர்கள் வெண்கலம் வென்றார்கள். இரண்டு மாத ஐஸில் அந்தப் பெண்கள் அங்கே போக முடிந்தது. பன்னிரண்டு மாத ஐஸ் இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே போச்சு என்று புலம்புபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2007-ல் நோவா ஸ்கோஷியாவின் அகேடியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாக்கி வீரர்களைத் தரையிலும் ஐஸிலும் சோதித்து ஒப்பிட்டார்கள். ஐஸில் யார் வேகம் என்பதோடு நன்றாக ஒத்துப்போன தரைச் சோதனைகள் இரண்டு: 30 மீட்டர் ஓட்டம், தொடர்ந்து மூன்று முறை முன்னால் தாவும் தாண்டல். 2005-ல் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகம் செய்த ஆய்விலும் தரை ஓட்ட வேகம் ஐஸ் வேகத்தோடு சேர்ந்து வந்தது. வயது குறைந்த வீரர்களிடம் உடல் சமநிலையும் சேர்ந்து வந்தது.

சேர்ந்து வருவது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்பது வேறு. இதையும் வகுப்பில் சொல்லித்தான் தருகிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் பந்தயம் கட்டலாம் என்று கேட்டால், தரையில் வெடித்துப் புறப்படும் பிள்ளை மேல்தான் நான் கட்டுவேன்.

"பார்த்தாயா, சமநிலை என்று சொல்லிவிட்டாய், அரைப்பந்தின் மேல் நிற்பது சரிதானே" என்று ஒருவர் கிளம்புவார். நில்லுங்கள். ஐஸ் வழுக்கும், ஆனால் ஆடாது. காலுக்குக் கீழே அது கல் மாதிரி உறுதியாகத்தான் இருக்கிறது. ஆடும் பந்தின் மேல் நின்றால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே பலத்தைச் செலவழிக்கும், முழு விசையோடு தள்ளவே முடியாது. கெட்டித் தரையில் ஒற்றைக் காலில் எடையோடு இறங்கி எழுந்தால் சமநிலையும் வரும், பலமும் வரும்.

டிரெட்மிலுக்கும் இதே கதை. பிளாஸ்டிக்கின் உராய்வு ஐஸை விட அதிகம், தரை நம்மை நோக்கி ஓடி வருகிறது. பார்க்க ஸ்கேட்டிங் மாதிரியே இருக்கும். "மாதிரி"க்குத்தான் அந்தக் காசு.

இடுப்பு யாருடையது?

காசு போனால் சம்பாதிக்கலாம். எனக்கு உண்மையான கோபம் இந்த விஷயத்தில்தான்.

2013-ல் கொலராடோவின் வேல் நகரில் டாக்டர் மார்க் பிலிப்பான் குழு 10 முதல் 18 வயது வரையுள்ள ஹாக்கிப் பிள்ளைகளின் இடுப்பு மூட்டை, அதே வயது பனிச்சறுக்குப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. தொடை எலும்பின் பந்துக்கும் கழுத்துக்கும் இடையில் எலும்பு தடித்து, மூட்டுக் கிண்ணத்தில் இடிக்கக்கூடிய அமைப்பு ஹாக்கிப் பிள்ளைகளில் 75 சதவீதம் பேருக்கு இருந்தது. பனிச்சறுக்குப் பிள்ளைகளில் 42 சதவீதம். ஹாக்கிப் பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இது கூடியது. ஆய்வு சிறியது, ஸ்கேனில் தெரிகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் வளரும் எலும்பு, நாம் திரும்பத் திரும்பச் செய்வதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மடக்கி, திருப்பி, தள்ளி, மறுபடி மடக்கி, இதையே பன்னிரண்டு மாதமும் ஒரு பத்து வயதுப் பிள்ளையைச் செய்யவைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? அமெரிக்க ஹாக்கி சங்கமே 2009-ல் கொண்டுவந்த தன் புதிய வளர்ப்புத் திட்டத்தில், சின்ன வயதில் பல விளையாட்டு ஆடுங்கள் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது உள்தொடைத் தசை. ஹாக்கிக்காரர்களின் தீராத தலைவலி, இல்லை, தொடைவலி. நியூயார்க்கைச் சேர்ந்த டிமோதி டைலர் என்ற பிசியோதெரபிஸ்ட் ஒரு என்.எச்.எல். அணியைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதினார்: உள்தொடையின் பலம் வெளித்தொடைப் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு, அங்கே தசைப்பிடிப்பு வரும் வாய்ப்பு 17 மடங்கு. அப்படிப்பட்ட வீரர்களுக்கு உள்தொடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய இரண்டு சீசனில் 11 ஆக இருந்த பிடிப்புகள் அடுத்த இரண்டு சீசனில் 3 ஆகக் குறைந்தன. இதற்குத் தேவைப்பட்டது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, முறையாகச் செய்த பலப்படுத்தல்தான்.

எதிர்க்கட்சி வாதங்கள்

"டெக்னிக்தான் முக்கியம். பளு தூக்கும் சாம்பியனை ஐஸில் விட்டால் விழுந்துவிடுவாரே?" விழுவார். நான் மறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு விளிம்பைப் பிடிக்கவே தெரியாதென்றால் ஐஸில்தான் கற்க வேண்டும். அதற்குத்தான் ஆறேழு மாதச் சீசன் இருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல், நன்றாக ஸ்கேட் செய்யத் தெரிந்தும் மெதுவாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் என் பேச்சு.

"சாம் பென்னட்டைப் பார்!" இது நல்ல கேள்வி. 2014 டிராஃப்டுக்கு முன் நடந்த உடல்திறன் சோதனையில் அவரால் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை. ஊரே சிரித்தது. நான்காவது ஆளாக அவரைக் கால்கரி எடுத்தது. 2025-ல் ஃபுளோரிடா கோப்பை வென்றபோது பிளே-ஆஃபின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கு. சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? கையால் தொங்குவதற்கும் காலால் தள்ளுவதற்கும் சம்பந்தம் குறைவு என்று தெரிகிறது. தரையில் செய்வது எல்லாம் ஐஸுக்கு உதவும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எந்தத் தசை, எந்தத் திசை, எந்த வேகம் என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

"சின்னப் பிள்ளை எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்." நம் வீடுகளில் இது வேதவாக்கு. சரியான மேற்பார்வையில், சரியான முறையில் செய்தால் பிள்ளைகளுக்கும் பலப் பயிற்சி பாதுகாப்பானது என்பதுதான் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. வளர்த்தி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

"வாந்தி எடுக்கிற மாதிரி உழைத்தால்தான் பயிற்சி." இது வீரம் மாதிரி தெரியும், ஆனால் வேகத்துக்கு எதிரி. ஆட்டத்தில் ஒரு ஷிஃப்ட் ஏறக்குறைய 45 வினாடி. அதற்குள் சில வெடிப்புகள். வெடிப்பைப் பழக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் செய்ய வேண்டும். முழு வேகத்துக்கு முழு ஓய்வு வேண்டும். களைத்த காலால் நாற்பது முறை தாண்டும் பிள்ளை மெதுவாகத் தாண்டக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்போ என்னதான் செய்வது?

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்.

1. தாண்டல். நின்ற இடத்திலிருந்து முன்னால் நீளத் தாண்டுதல். ஒற்றைக் காலிலிருந்து பக்கவாட்டில் தாவி மறுகாலில் இறங்கி ஆடாமல் நிற்பது. நாலைந்து தாண்டல், பிறகு ஓய்வு, மூன்று நான்கு சுற்று. நிற்க முடியாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள்.

2. ஓட்டம். 10 முதல் 20 மீட்டர், முழு வேகம், ஆறு முதல் எட்டு முறை. நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நடக்கலாம். பூங்காவில் ஒரு சின்ன மேடு கிடைத்தால் இன்னும் நல்லது. புறப்படும் முதல் அடிகளுக்கு நெருங்கிய உறவு இதுதான்.

3. பலம். பின்காலை ஒரு பெஞ்சில் வைத்து முன்காலால் உட்கார்ந்து எழுவது, டெட்லிஃப்ட், இந்த இரண்டு போதும். ஐந்து முதல் எட்டு முறை, மூன்று சுற்று. முதலில் உடல் எடை மட்டும். முறை சரியான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றலாம். இதை மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் அவருக்குக் கொடுங்கள்.

4. உள்தொடை. பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி, மேல்காலைப் பெஞ்சில் வைத்து உடலைத் தூக்குவது. முதல் வாரம் திட்டுவீர்கள். இரண்டாம் வாரமும் திட்டுவீர்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் இந்தப் பட்டியலே வேண்டாம். கால்பந்து, கூடைப்பந்து, ஓடிப்பிடித்தல். நம் ஊர் நொண்டி விளையாட்டை விடவா ஒற்றைக் கால் பயிற்சி வேண்டும்? ஒற்றைக் காலில் தாவி, திரும்பி, துரத்தி, சமாளித்து நிற்பது. பாட்டிமார் இலவசமாகச் சொல்லித்தருவார்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு ஜோடி டம்பெல், ஒரு பெஞ்ச். இங்கே ரிங்க் வாடகை மணிக்கே நூற்றுக்கணக்கான டாலர் என்பதை நினைவில் வையுங்கள். ஹாக்கி ஏற்கெனவே பணக்கார ஆட்டம். ஸ்கேட், ஸ்டிக், கவசம், பயணம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, இரண்டு வேலை பார்த்துப் பிள்ளையை ஆடவைக்கும் பெற்றோரிடம் "கோடையிலும் ஐஸ் வாங்காவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று பயமுறுத்துவது கோச்சிங் இல்லை. அந்தப் பயத்தால் ஆட்டத்தையே விட்டுப்போன பிள்ளைகள் எங்கேயாவது நன்றாக ஆடியிருக்கக்கூடியவர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு அளவு நாடா, ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பிள்ளையின் நீளத் தாண்டலையும் 10 மீட்டர் ஓட்டத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். செப்டம்பரில் ஐஸில் ஏறியதும், ஒரு நீலக்கோட்டிலிருந்து இன்னொரு நீலக்கோடு வரை எத்தனை வினாடி என்று பாருங்கள், போன சீசன் கணக்கோடு ஒப்பிடுங்கள். அதே கேள்வியைக் காம்ப் நடத்துபவரிடமும் கேளுங்கள்: போன வருடம் வந்த பிள்ளைகளை வரும்போது அளந்தீர்களா, போகும்போது அளந்தீர்களா, வித்தியாசம் என்ன? எண்ணைக் காட்டினால் தாராளமாகச் சேருங்கள். டி-ஷர்ட்டைக் காட்டினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பி.கு: இடுப்பிலோ தொடை இடுக்கிலோ ஏற்கெனவே வலி இருக்கும் பிள்ளைகள் இதில் எதையும் தொடங்கும் முன் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிடுங்கள். டிரெட்மில் வைத்திருக்கும் அண்ணாச்சிகள் திட்டுவதாக இருந்தால் பின்னூட்டத்தில் திட்டலாம், ஆனால் அளந்த எண்ணோடு வந்து திட்டவும்.